கறுப்பாக இருந்தால் மட்டும் கரிசல் ஆகிவிடுமா? கோவில்பட்டி மண்ணுக்குள் ஒரு பயணம்

[திரை: வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. ஒரு கை, நீளமான கம்பி ஒன்றை வெடிப்புக்குள் இறக்குகிறது. கம்பி போய்க்கொண்டே இருக்கிறது.]

இந்தக் கம்பி எவ்வளவு ஆழம் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சாண்? ஒரு முழம்? பாருங்கள், இன்னும் போகிறது. சின்ன வயதில் இப்படி ஒரு வெடிப்பில் என் கோலிக்குண்டு விழுந்துவிட்டது. கையை விட்டேன், குச்சியை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. ஐப்பசி மழை இறங்கியது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கோலியையும் காணோம், வெடிப்பையும் காணோம். நிலம் வாயை மூடிக்கொண்டது.

வணக்கம் நண்பர்களே. வருஷா வருஷம் இப்படித் திறந்து மூடும் மண்ணைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. கோவில்பட்டிக் கரிசலுக்கு மண் ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஜிப்சிக் ஹாப்லஸ்டர்ட்'. வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம், வீடியோ முடிவதற்குள் நீங்களே இதைப் பிரித்துப் பொருள் சொல்வீர்கள். கோவில்பட்டிக் கரிசலுக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி இருக்கிறது, அதையும் காட்டப் போகிறேன். அதுதான் எனக்குப் பிடித்த இடம், அதுவரை போய்விடாதீர்கள்.

பழைய கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1890-களில் வோல்க்கர், லெதர் என்ற இரண்டு வேளாண் வேதியியலாளர்கள் இந்திய மண்ணை வண்டல், கரிசல், செம்மண், லேட்டரைட் (செம்புரை மண்) என்று நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள். 1976-ல் நாக்பூரில் தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் பணியகம் உருவானது. அவர்கள் 10 கிலோமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு மண்ணைச் சோதித்து, மாநிலம் மாநிலமாக 1:2,50,000 அளவில் வரைபடம் போட்டார்கள். சரி, வாருங்கள் காட்டுக்குப் போவோம்.

[திரை: பேருந்து ஜன்னல் வழியே செவல் நிலமும் கரிசல் நிலமும் மாறி மாறி வருகின்றன.]

குழிக்குள் இறங்கும் முன் ஒரு கேள்வி. கரிசல் எதிலிருந்து வந்தது? எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கினோம். மகாராஷ்டிரத்துக்கு இந்தப் பதில் பொருந்தும். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் குழம்பு கொட்டியது உண்மை. ஆனால் அந்தக் குழம்பு கோவில்பட்டிக்கு வந்து சேரவே இல்லை! இங்கே அடியில் கிடப்பது நைஸ் என்ற மிகப் பழைய பாறை. அதற்கும் எரிமலைக் குழம்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்புறம் கரிசல் எப்படி வந்தது? பாறை சிதையும்போது கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாம் கரைந்து தண்ணீரோடு பள்ளத்துக்கு இறங்குகின்றன. பள்ளத்தில் அவை சேர்ந்து ஸ்மெக்டைட் என்ற களிமம், அதாவது களிமண்ணின் மிக நுண்ணிய துகள், உருவாகிறது. மழை குறைந்த ஊர் என்பதால் அது அடித்துக்கொண்டு போகப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. மேட்டில் மிச்சமாவது இரும்புச் சிவப்பு, அதாவது நம் செவல். அடுத்த முறை அந்தப் பக்கம் பேருந்தில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். பெரும்பாலும் ரோடு ஏறும் இடத்தில் சிவப்பும், இறங்கும் இடத்தில் கறுப்பும் இருக்கும். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து பேருந்தில் தூக்கமே வருவதில்லை.

[திரை: ஆள் உயரக் குழி. வெயில் படும் சுவர் கத்தியால் செதுக்கிச் சுத்தமாக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அளவு நாடா தொங்குகிறது.]

மண் ஆய்வு என்றால் மேலே ஒரு பிடி அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவது மட்டும் இல்லை. அது உரம் போடுவதற்கான பரிசோதனை. வகைப்படுத்த வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஆய்வாளர் உள்ளே இறங்கி, சுவரை மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும்.

முதலில் நிறம். 'கறுப்பு' என்று எழுதினால் செல்லாது. என் கறுப்பு வேறு, உங்கள் கறுப்பு வேறு. அதற்கு முன்செல் வண்ணப் புத்தகம் இருக்கிறது. அதை உருவாக்கிய ஆல்பர்ட் முன்செல் ஓர் ஓவியர், ஓவிய ஆசிரியர்! மண்கட்டியைப் புத்தகத்தின் வண்ணச் சில்லுகளோடு ஒட்டி வைத்துப் பார்த்து, '10 ஒய்ஆர் 3/1' என்பதுபோல எழுதுவார்கள். அடுத்து நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு. நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு. கரிசலில் சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கும், அங்கங்கே வெள்ளைச் சுக்காங்கல் உருண்டைகளும் கையில் தட்டும். அடுத்து ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி தள்ளிப் பார்ப்பார்கள். நாடா நீளமாக வந்தால் களி அதிகம்.

இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள். இந்த வீடியோ எடுத்ததே இதைக் காட்டத்தான்.

[திரை: சுவரிலிருந்து பெயர்த்த பெரிய மண்கட்டி. அதன் சாய்வான முகத்தில் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது.]

அரை மீட்டருக்குக் கீழே உள்ள இந்தக் கட்டியைக் கத்தியால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். இதன் முகத்தைப் பாருங்கள். மினுங்குகிறதா? விரலால் தடவினால் வழவழ என்று இருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்களும் தெரிகின்றன. யாரும் மெருகு போடவில்லை. மண் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டது!

இதை ஸ்லிக்கன்சைடு என்பார்கள். நான் வழுக்குமுகம் என்று சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல சொல் தோன்றினால் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

எப்படி உண்டாகிறது? ஸ்மெக்டைட் என்பது ஓலைச்சுவடிக் கட்டு மாதிரி. தகடு மேல் தகடு. ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் கட்டு விரியும், காய்ந்தால் சுருங்கும். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் எப்படி உப்பும்? அதே கதைதான். சரி, ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மண் உப்பினால் எங்கே போகும்? இடது பக்கம் இன்னொரு மண், வலது பக்கம் இன்னொரு மண், எல்லாம் சேர்ந்து உப்புகின்றன. கீழேயும் வழி இல்லை. மேலே மட்டும்தான் கொஞ்சம் இடம். அதனால் நெருக்கடி தாங்காமல் மண் சாய்வாக அறுந்து, ஒரு துண்டு இன்னொரு துண்டின் மேல் வழுக்கி ஏறுகிறது. ஒரு வருஷம் இல்லை, நூறு நூறு வருஷங்களாக. அம்மிக் குழவி ஏன் வழவழப்பாகிறது? தேய்த்துத் தேய்த்துத்தானே! நம் காலுக்குக் கீழே அந்த அரைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கரிசல் காட்டில் வீட்டுச் சுவர் விரிசல் விடுவதற்கும், விளக்குக் கம்பம் சாய்வதற்கும் காரணம் இந்த அழுத்தம்தான். இதைச் சமாளிக்கவே அடியில் குமிழ் மாதிரி அகலமாக இருக்கும் கான்கிரீட் தூண் அடித்தளத்தை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

இந்த வழுக்குமுகம்தான் வகைப்பாட்டில் ஆதாரச் சீட்டு. அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையில் (நம் நாட்டு ஆய்வுகளும் இதையே பின்பற்றுகின்றன) ஒரு மண் 'வெர்டிசால்' குடும்பத்துக்குள் நுழைய மூன்று தேர்வுகள். மேற்பரப்பிலிருந்து 100 செ.மீ.க்குள் தொடங்கி, குறைந்தது 25 செ.மீ. தடிமனுக்கு வழுக்குமுகம் இருக்க வேண்டும், அல்லது கிடைமட்டத்திலிருந்து 10 முதல் 60 டிகிரி வரை சாய்ந்த ஆப்பு வடிவக் கட்டிகள் இருக்க வேண்டும். மேலிருந்து 50 செ.மீ. வரை களிமம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெடிப்பு அவ்வப்போது திறந்து மூட வேண்டும். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? நிறம் எங்கே? இல்லவே இல்லை!

1975-ல் இந்த முறை புத்தகமாக வந்தபோது நிறத்துக்கும் ஓர் இடம் இருந்தது. நல்ல கறுப்பு என்றால் 'பெல்லஸ்டர்ட்', கொஞ்சம் பழுப்பு ஏறினால் 'குரோமஸ்டர்ட்'. பழைய ஆய்வறிக்கைகளில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். 1990-களில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கறுப்பு நம் கண்ணை ஏமாற்றுகிறது. 'எவ்வளவு கறுப்பு, எவ்வளவு சத்து!' என்று தோன்றும். ஆனால் நம் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இருக்காது. இருக்கிற கொஞ்ச மட்கைக் களிமம் இறுகப் பிடித்துக்கொள்வதால் அத்தனை கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பைப் பார்த்துத் தொழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இப்போது பெயரைப் பிரிப்போம். கடிதத்தின் முகவரியை எப்படி வாசிப்பார் தபால்காரர்? கடைசியில் இருக்கும் ஊரை முதலில் பார்ப்பார், அப்புறம் தெரு, அப்புறம் கதவு எண். மண் பெயரையும் அப்படிப் பின்னாலிருந்து வாசியுங்கள். கடைசியில் 'எர்ட்': வெர்டிசால் குடும்பம். 'வெர்ட்' என்றால் இலத்தீனில் புரட்டுதல். அதற்கு முன் 'உஸ்ட்': எரிந்தது என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான வெடிப்பு வருஷத்தில் மொத்தமாக 90 நாளாவது திறந்திருக்கும் மானாவாரி மண். 'ஹாப்ல்': கிரேக்கத்தில் எளியது. 'ஜிப்சிக்': ஜிப்சம் சேர்ந்தது. இந்த ஜிப்சம் கோவில்பட்டிக்குக் கிடைத்த கொடை. அதிலுள்ள கால்சியம், மண்ணின் துளைகளை அடைக்கும் சோடியத்தை ஆதிக்கம் செலுத்த விடாது, அதனால் தண்ணீர் கீழே இறங்க வழி கிடைக்கிறது.

'புரட்டுதல்' என்ற பெயரில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. மேல் மண் வெடிப்பில் விழுந்து, கீழ் மண் மேலே வந்து, மொத்த நிலமும் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்று முன்பு சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கரிமத்தின் வயதைச் சொல்லும் ரேடியோ கார்பன் சோதனையை வைத்துப் பார்த்தால் இவ்வகை மண்ணில் ஆழம் கூடக்கூடக் கரிமத்தின் வயது ஏறிக்கொண்டே போகிறது. முழுக்கப் புரண்டிருந்தால் எல்லா ஆழத்திலும் ஒரே வயதுதானே இருக்கும்? வழுக்கல் உண்மை. முழுப் புரட்டல், கொஞ்சம் மிகை.

[திரை: இரண்டு பருத்திக் காடுகள் பக்கத்தில் பக்கத்தில்.]

இந்த இரண்டு படத்தில் எது கோவில்பட்டி? நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

இடது பக்கம் நம் ஊர். வலது பக்கம் டெக்சாஸ்! அங்கே இந்த மண்ணுக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்று பெயர். நமக்கு மாநில மரம் பனை, மாநிலப் பூ செங்காந்தள் இருப்பதுபோல டெக்சாஸுக்கு மாநில மண் உண்டு. அது இந்தக் கரிசல்தான்! அங்கேயும் பருத்தி, இங்கேயும் பருத்தி. அதன் வகைப்பெயர் 'யூடிக் ஹாப்லஸ்டர்ட்'. இப்போது உங்களுக்கே வாசிக்கத் தெரியும்: பின்பாதி அப்படியே நம்முடையது. 'யூடிக்' என்றால் கொஞ்சம் ஈரப்பசை கூடுதல். வெப்பத்திலும் வித்தியாசம் உண்டு. 50 செ.மீ. ஆழத்தில் டெக்சாஸ் மண்ணின் ஆண்டுச் சராசரி 15-லிருந்து 22 டிகிரி. நம் மண் 22-க்கு மேல், அதோடு கோடைக்கும் குளிருக்கும் இடையே 6 டிகிரி வித்தியாசம்கூட இல்லை. மார்கழியில் நாம் போர்வை தேடுகிறோம், அரை மீட்டர் கீழே மண்ணுக்கு அது தெரிவதே இல்லை. நமக்கும் ஒரு மாநில மண் அறிவித்தால் என்ன? என் ஓட்டு கரிசலுக்கு. உங்கள் ஓட்டு செவலுக்கா, காவிரி வண்டலுக்கா, தேரிச் செம்மணலுக்கா? கமெண்டில் சண்டை போடலாம், வாருங்கள்.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று. மண் எவ்வளவு சுருங்குகிறது என்பதற்கு ஆய்வகத்தில் ஓர் எண் உண்டு. அதன் ஆங்கிலச் சுருக்கம் 'கோல்'. தமிழில் கோல் என்றாலே அளவுகோல்தானே! ஈர மண்ணின் நீளத்தைக் காய்ந்த நீளத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் போதும். 10 செ.மீ. ஈரக் கோல் காய்ந்து 9 ஆனால் விடை 0.11. 0.06-ஐத் தாண்டினாலே அதிகச் சுருக்கம், 0.09-ஐத் தாண்டினால் மிக அதிகம்.

மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசைந்து, ஒருநாள் மூடி வையுங்கள். முனை அறுத்த சிரிஞ்சில் அடைத்துத் தட்டில் நேராகப் பிதுக்குங்கள். சரியாக 10 செ.மீ.க்கு வெட்டி நிழலில் காய விடுங்கள். பிசைந்த மண் என்பதால் காட்டில் உள்ள கட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பரவாயில்லை. செவலில் ஒரு கோல், கரிசலில் ஒரு கோல் செய்து பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

காடு வைத்திருப்பவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். இந்த வருஷம் முதல் வெடிப்பு விட்ட தேதியையும், மழையில் அது மூடிய தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். தொண்ணூறு நாள் கணக்கு உங்கள் காட்டில் எப்படி வருகிறது என்று தை மாதம் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.