மாண்டவியும் ஜுவாரியும் சுமக்கும் தொழில்கள்

அவைத்தலைவர் அவர்களே, பொருளியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2012ஆம் ஆண்டு செப்டம்பரில் கோவா அரசு தன் எல்லைக்குள் இருந்த இரும்புத்தாதுச் சுரங்கங்களின் பணியை நிறுத்தி வைத்தது. சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றி நீதிபதி ஷா ஆணையம் அளித்த அறிக்கையே அதற்குக் காரணம். அடுத்த மாதமே உச்சநீதிமன்றமும் தடை விதித்தது. ஆண்டுக்குச் சுமார் ஐந்து கோடி டன் தாது கப்பலேறிய காலம் முடிந்து சில ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. இத்தனை பெரிய தொழில் ஒரே நாளில் நின்றால், 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட ஒரு மாநிலம் நிலைகுலைந்து போயிருக்க வேண்டும். அப்படி நேரவில்லை. நபர்வாரி வருமானத்தில் இந்திய மாநிலங்களின் முன்வரிசையில் அது இன்றும் நிற்கிறது. ஏன் குலையவில்லை என்பது ஒரு கேள்வி. உண்மையிலேயே குலையவில்லையா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலில் தாதுவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போர்த்துகீசியர் ஆட்சிக் காலத்திலேயே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தன் எஃகு ஆலைகளை மீட்டெடுத்த ஜப்பானை நம்பி இத்தொழில் வளர்ந்தது. கோவாவின் தாது இரும்புச் செறிவு குறைந்தது. இந்திய ஆலைகள் அதை அதிகம் நாடவில்லை. எனவே தோண்டியதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது. பிற்காலத்தில் சீனா அதைப் பெருமளவில் வாங்கியது. மதிப்புக் குறைந்த ஒரு பொருளை மலையடிவாரத்திலிருந்து கப்பல்வரை கொண்டுசேர்த்தும் இலாபம் நின்றதென்றால், அது மாண்டவி, ஜுவாரி என்னும் இரண்டு ஆறுகளின் கொடை. சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறை வரை டிப்பர் லாரி, அங்கிருந்து மர்மகோவா துறைமுகம் வரை பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகு என்பதே வழி. மழைக்காலத்தில் மாண்டவியின் முகத்துவாரத்தில் அகுவாடா மணல்திட்டு வழியை அடைத்துக்கொள்ளும்போது, படகுகள் கும்பார்ஜுவா கால்வாய் வழியாக ஜுவாரிக்குத் திரும்பிவிடும்.

அந்தப் படகுகளைக் கட்டவும் பழுதுபார்க்கவும் பட்டறைகள் தேவைப்பட்டன. 1957இல் மர்மகோவா துறைமுகத்தை ஒட்டிய வாஸ்கோ நகரில் போர்த்துகீசியர் தொடங்கிய சிறு கப்பல் பட்டறை தாது ஏற்றும் படகுகளைக் கட்டுவதற்காகவே பிறந்தது. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு இணைந்தபின் அது கோவா ஷிப்யார்டு என்ற பொதுத்துறை நிறுவனமாகி, இன்று கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் ரோந்துக் கப்பல்களைக் கட்டித் தருகிறது. தாய்த்தொழில் நின்றபோதும் பிள்ளைத்தொழில் நிற்கவில்லை. முதல் கேள்விக்கான விடையில் ஒரு பாதி இதில் இருக்கிறதென்று கருதுகிறேன்.

மறுபாதி, பயணிகளின் கண்ணில் படாத தொழிற்பேட்டைகளில் இருக்கிறது. வெர்னாவில் சிப்லா உள்ளிட்ட மருந்து நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. போண்டாவை அடுத்த உஸ்காவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1970களிலிருந்தே டயர் செய்துவருகிறது. சுரங்கம் நின்றபோது மாநிலத்தைத் தாங்கியது சுற்றுலாதான் என்று பலரும் சொல்வார்கள். சுற்றுலாவின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2024இல் அங்கு வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆயினும் அவர்களில் வெளிநாட்டார் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. 2019இலோ ஒன்பது லட்சத்தைத் தாண்டி வந்திருந்தார்கள். இப்படி ஏறி இறங்கும் ஒரு தொழிலைவிட, ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் மாத்திரை ஆலைக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கவே என் மனம் விரும்புகிறது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மாநிலக் கணக்கில் பார்த்தால் கோவாவில் பல தொழில்கள். ஆனால் தாலுகா தாலுகாவாகப் பிரித்துப் பார்த்தால் பல இடங்களில் ஒரே தொழில்தான். கடலோர பார்தேசுக்குச் சுற்றுலா. உள்நாட்டுப் பிச்சோலிமுக்கும் சாங்குவேமுக்கும் சுரங்கம். 2012இல் அந்த உள்நாட்டுத் தாலுகாக்களில், வங்கிக் கடனில் லாரி வாங்கியிருந்த குடும்பங்களுக்குப் பார்தேசின் கலங்குட் கடற்கரை விடுதிகளில் அறைகள் நிரம்பி வழிந்ததால் பயன் எதுவும் இல்லை. லாரிக்காரர்களுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் அரசு கடன் நிவாரணத் திட்டம் அறிவிக்க நேர்ந்ததே, மொத்த வருமானப் புள்ளிவிவரம் எதை மறைத்தது என்பதற்குச் சான்று.

தொழில்கள் பலவாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவை ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தலைநகர் பனாஜிக்கு முன்னால் மாண்டவியில் சூதாட்டக் கப்பல்கள் மிதக்கின்றன. எதிர்க்கரையில் மாலிம் மீன்பிடித் துறை. மேலே கர்நாடகத்தில் மகதாயி என்ற பெயரோடு பிறக்கும் இதே ஆற்றிலிருந்து அம்மாநிலத்துக்கு 13.42 டி.எம்.சி. நீர் ஒதுக்கி 2018இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. காவிரியை அறிந்த நமக்கு அந்த வழக்கின் சூடு புதிதல்ல. கடலிலும் இதே கதைதான். ரம்போண் எனப்படும் கரைவலையை இழுத்து வாழ்ந்தவர்கள், விசைப்படகுகள் கரையோரத்து மீனை வாரிக்கொண்டு போவதை எதிர்த்து 1970களின் பிற்பகுதியில் கடுமையாகப் போராடினார்கள். 1980இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது அதன் விளைவே.

முந்திரியைப் பற்றியும் ஒரு சொல். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இம்மரத்தின் கொட்டையை நாமும் பண்ருட்டியில் உடைக்கிறோம். பழத்தைப் பெரும்பாலும் வீசிவிடுகிறோம். கோவாவில் அப்பழத்தைப் பிழிந்து வடித்து ஃபெனி என்னும் மதுவாக்கி, 2009இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டார்கள். பணமதிப்பில் சிறிய தொழில்தான். ஆனால் சுரங்கத் தாலுகாக்களின் மலைச்சரிவுகளிலும் இம்மரம் வளர்கிறது என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

தடை நீங்கி மீண்டும் தொடங்கியிருந்த சுரங்கப் பணி, 2018இல் உச்சநீதிமன்றம் 88 குத்தகைகளை ரத்து செய்ததும் மறுபடி நின்றது. 2022 டிசம்பரில் ஏலம் தொடங்கி, 2024இல் பிச்சோலிமில் மீண்டும் வேலை தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் மர்மகோவா துறைமுகம் நிலக்கரியை மேலும் சார்ந்து நின்றது. அதன் தூசியை எதிர்த்து வாஸ்கோ மக்கள் போராடிவருகிறார்கள். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இரண்டு கட்டுப்பாடுகளை வைத்தது: ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் தோண்டக் கூடாது, விற்பனை வருவாயில் பத்து விழுக்காடு வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் சேர வேண்டும். முதல் கட்டுப்பாட்டைப் பற்றியே எல்லாரும் வாதிடுகிறார்கள். எனக்கோ இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது. அந்த நிதியின் பயனில் ஒரு பங்கு, தாது தீர்ந்தபின் செய்ய வேறு தொழில் இல்லாத பிச்சோலிமிலும் சாங்குவேமிலும் புதிய தொழிலாக முளைக்குமா, அல்லது மாநிலக் கணக்கின் பொதுத் தொகையில் கரையுமா என்பதைத்தான் கோவாவின் அடுத்த வரவுசெலவுத் திட்டங்களில் நாம் தேடிப் படிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.