கால் ஸ்வரம் கணினியில் ஒலிக்க

நேயர்களுக்கு வணக்கம். அரபு இசையில் பயாத்தி என்று ஒரு மக்காம் (நம் ராகம் போன்றது) இருக்கிறது. மேற்கத்திய ஸ்வரமான டி-யில் (D) தொடங்கினால் அதன் இரண்டாம் ஸ்வரம் ஈ-க்கும் (E) அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள ஈ ஃபிளாட்டுக்கும் இடையில் நிற்கும்; இதுதான் கால் ஸ்வரம். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. இசையைக் குறிகளால் எழுதும் நொட்டேஷன் மென்பொருளில் எழுதுவது சுலபம்தான்: குறுக்குக்கோடு போட்ட ஃபிளாட் குறியை எடுத்து வைத்தால் அழகாக அச்சாகும். வாசிக்கச் சொன்னால்தான் சிக்கல். சில மென்பொருள்களுக்கு அந்தக் குறி வெறும் படம், சாதாரண ஈ-யையே வாசித்துவிட்டுப் போகும்.

காரணம் மிடி (MIDI), அதாவது கணினியும் இசைக்கருவிகளும் ஸ்வரங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை. 1983-இல் வந்த இந்த முறையில் ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை முழு எண்கள் மட்டுமே. இடையில் நிற்க வேண்டுமானால் பிட்ச் பெண்ட் என்ற தனிக் கட்டளை வேண்டும். அதன் நடுநிலை 8192; வழக்கமாக மேலும் கீழும் 200 சென்ட் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்) வரை வளையும். 50 சென்ட் இறங்க 2048-ஐக் கழித்து 6144. சிபேலியஸ் என்ற நொட்டேஷன் மென்பொருளில் இதை ஸ்வரத்தின் மேல் கையால் எழுதலாம்: அலைக்குறி, பி, பூஜ்யம், காற்புள்ளி, 48 (6144-ஐ 128-ஆல் வகுத்தது). அடுத்த ஸ்வரத்தில் 48-க்குப் பதில் 64 போட்டு மீட்க வேண்டும். மறந்தால் பின்னால் வருவதெல்லாம் இறங்கியே ஒலிக்கும். மியூஸ்கோர் என்ற மென்பொருளில் இவ்வளவு பாடு இல்லை. ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து ட்யூனிங் கட்டத்தில் மைனஸ் 50 என்று அடித்தால் சரி.

இன்னொன்று. பிட்ச் பெண்ட் ஒரு சேனல் (மிடி கட்டளைகள் போகும் தடம்) முழுவதையும் வளைக்கும். கீழே டி-யை நீளமாகப் பிடித்து வைத்திருந்தால், ஈ வரும்போது அந்த டி-யும் சேர்ந்து சரியும். கேட்கவே சங்கடமாக இருக்கும். அந்த டி-யைத் தனி இசைக்கருவியாகப் போட்டு வேறு சேனலுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியே வளைக்கும் வசதி 2020-இல் வந்த மிடி 2.0-இல் இருக்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதற்கு மாறிவிடவில்லை.

இதையெல்லாம் செய்தபின்தான் உண்மையான வேலையே தொடங்குகிறது என்பேன். ஒரே குறிதான், ஆனால் ராஸ்ட் மக்காமில் அந்த ஈ சற்று உயர்ந்தும், பயாத்தியில் சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கும். ஊருக்கு ஊரும் மாறும். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரிக்கலாமா என்று விவாதித்தார்கள், முடிவு எட்டவில்லை. அந்த மாநாட்டையொட்டிப் பதிவான இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அதில் ஒன்றை ஓடவிட்டு, பயாத்திக்கு மைனஸ் 50-இலிருந்து ஐந்தைந்து சென்டாக இறக்கிப் பாருங்கள். ராஸ்ட்டுக்கு அங்கிருந்து மேலே ஏற்றுங்கள். காது ஒப்புக்கொள்ளும் எண்ணை இசைத்தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அதே மக்காமில் அடுத்த பாட்டை எழுதும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.