சிக்ரிக்குக் கதை கேட்கப் போவோம்

[காட்சி: தேவகோட்டை ரஸ்தா, காலை வெயில்]

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் தன் ஸ்டுடியோவை முதலில் நடத்தியது இந்தத் தேவகோட்டை ரஸ்தாவில்தான். 1947இல் வெளியான 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1948இல் ஏவிஎம் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

அதே 1948, ஜூலை 25. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். நம் ஊர்க்காரர்கள் சிக்ரி என்று சொல்வது அதைத்தான். சினிமா போன வருடத்தில் அறிவியல் வந்தது. இரண்டும் சேர்ந்து வேலை செய்ய இந்த ஊரில் வாய்ப்பே அமையவில்லை. இப்போது அமையலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[காட்சி: கானாடுகாத்தான் வீடு ஒன்றின் முகப்பு, வளவு, பளபளக்கும் சுவர்]

படப்பிடிப்புக் குழுக்கள் இங்கே வராமல் இல்லை. பாட்டுக்கும் பஞ்சாயத்துக் காட்சிக்கும் செட்டிநாட்டு வீடுகளின் இந்த வளவுகள், அதாவது உள்முற்றங்கள், வேண்டும். ஆனால் சுவரைப் பின்னணியாக மட்டுமே படம் பிடிக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகுகிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறும்போது சிமெண்டுக்குள் நடக்கும் வேதிவினைதான் அதற்குப் பலம் தருகிறது. இதைத் திரையில் காட்ட ஒரு வேதியியலாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

[காட்சி: பாம்பன் கடல், துருவேறிய இரும்பு]

சரி, கதை எங்கே இருக்கிறது? துருவில் இருக்கிறது. பாம்பன் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் சிக்ரிக்கு ஓர் உலோக அரிப்புச் சோதனை நிலையம் உண்டு. உப்புக்காற்றில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிமேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அதை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே விரிசல் விடுகிறது. வெளியே எதுவும் தெரியாத ஒரு பாலம், விரிசல் வரப்போவதை அறிந்த ஒரே ஒரு பெண் பொறியாளர், அவர் பேச்சை நம்பாத ஊர். இதைவிட நல்ல த்ரில்லர் வேண்டுமா?

ஆனால் நம் ஆட்கள் ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட்டை முடித்துவிட்டு, "சார், தப்பு இருந்தா சொல்லுங்க" என்று விஞ்ஞானியிடம் கொடுப்பது வீண். அதற்குள் கதை கெட்டியாகிவிடும். முதல் பக்கம் எழுதும் முன்பே போய் உட்கார வேண்டும்.

'இன்டர்ஸ்டெல்லார்' என்ற ஹாலிவுட் படம் அப்படித்தான் பிறந்தது. இயற்பியலாளர் கிப் தோர்னும் தயாரிப்பாளர் லிண்டா ஓப்ஸ்டும் பேசிப் பேசி உருவாக்கிய கரு அது. கருந்துளையைக் காட்ட தோர்ன் சமன்பாடுகளைக் கொடுத்தார், விஷுவல் எஃபெக்ட்ஸ் குழு அதற்கு மென்பொருள் எழுதியது. அந்த வேலையிலிருந்து 2015இல் ஆய்விதழ்க் கட்டுரையே வந்தது. படத்தால் அறிவியலுக்கும் லாபம்! ஒத்துழைப்பு என்றால் எனக்கு இதுதான்.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமி 2008 முதல் இரு தரப்பையும் சேர்த்துவைக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது, ஸ்லோன் அறக்கட்டளை அறிவியல் திரைக்கதைகளுக்குப் பணம் தருகிறது. நம் நாட்டில் இந்திய சர்வதேச அறிவியல் விழாவோடு சேர்த்து அறிவியல் படங்களுக்கான விழாவும் நடந்திருக்கிறது.

[காட்சி: ஆய்வக மேசை, பீக்கர், மின்முனைகள்]

பெரிய பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடக் குறும்படம் போதும். விஞ்ஞானிக்கும் இதில் தேவை இருக்கிறது. மின்முனையில் அயனிகள் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. தன் வேலையை வீட்டில் அப்பத்தாவுக்குக்கூடக் காட்ட முடியாமல் இருப்பவருக்கு, ஒரு நல்ல அனிமேட்டர் கிடைத்தால் எவ்வளவு பெரிய உதவி!

சிக்ரி, சி.எஸ்.ஐ.ஆர். என்னும் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தது. அந்த மன்றத்தின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி அதன் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து விடுவது வழக்கம். அப்போது போங்கள். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, "உங்களை ராத்திரி தூங்க விடாத கேள்வி எது?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அனுமதிக் கடிதத்தோடு மறுபடி போகலாம். காரைக்குடியில் படம் எடுக்கும் பிள்ளைகள் யாராவது இந்த வருடம் போவதாக இருந்தால், கீழே எழுதுங்கள், நானும் வருகிறேன்.