ஆளுக்கொரு பந்து

(பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்றுநர்களுக்காக யாழ்ப்பாணத்தில் நடந்த ஒருநாள் பட்டறையில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, இந்த மண்டபத்தையும் மைதானத்தையும் ஒரு சதம் வாங்காமல் திறந்துவிட்ட அதிபர் அவர்களே, வலயத்திலிருந்து வந்திருக்கும் உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை தந்த அருட்தந்தை அவர்களே, சிவாச்சாரியார் அவர்களே, லீக் நிர்வாகிகளே, எல்லாரிடமும் ஏச்சு வாங்கியும் விசிலைக் கீழே வைக்காத நடுவர்களே, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த இடத்திலும் இங்கே வந்து குந்தியிருக்கும் பழைய மாணவர் சங்கத்தினரே, பின்வரிசையில் நிற்கும் பயிற்றுநர்களே! உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டம். முன்னுக்கு வந்து இருங்கோ. பொன்னாடை போர்த்த வேண்டாம் என்று முன்பே சொன்னேன், போர்த்திவிட்டார்கள். அந்தக் காசுக்குப் பந்து வாங்கியிருக்கலாம். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஏன் என்று போகப்போக விளங்கும்.

நான்கு விடயம் பேசச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: பயிற்றுநரின் தொழில்வாழ்வு, நட்சத்திர வீரர்கள் உருவாகும் விதம், மைதானங்கள், பெற்றோரும் ரியூசனும்.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.' பழமொழியாகவே ஆகிவிட்ட ஔவையார் பாட்டு. நடையைக்கூடப் பழக்கம் என்றுதான் அது சொல்கிறது. பிறவிக்குணம் என்று கடைசியில் ஒதுக்கி வைத்திருப்பது நட்பு, தயை, கொடை ஆகிய மூன்றைத்தான். உதைபந்தாட்டம் அந்த மூன்றில் இல்லை. ஆனால் நாங்கள் 'அவன் பிறவியிலேயே ஆட்டக்காரன்' என்கிறோம், 'குருநகர்ப் பெடியனுக்குக் கடற்காற்றிலேயே பந்து வரும்' என்கிறோம். எங்கள் கரையோர ஊர்களான குருநகரிலும் நாவாந்துறையிலும் நடந்தது வேறு. வீட்டு வாசலில் மணல், கையெட்டும் தூரத்தில் பந்து, இருட்டும்வரை ஆட்டம். பத்து வயதுக்குள் அந்தப் பிள்ளையின் கால் எத்தனை ஆயிரம் முறை பந்தைத் தொட்டிருக்கும்!

இனி ஒரு பாடசாலையின் பின்னேரப் பயிற்சிக்கு வாருங்கள். இருபது பிள்ளைகள், ஒரு பந்து, ஒரு கோல் கம்பம். எல்லாரையும் வரிசையில் விட்டுக் கோலுக்கு அடிக்கச் சொல்கிறோம். ஒருவன் அடித்து, பந்தை எடுத்து வந்து, அடுத்தவனிடம் கொடுக்க அரை நிமிடம். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு முறை வரப் பத்து நிமிடம். அரை மணித்தியாலத்தில் மூன்று உதை! மீதி நேரம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்ப்பதும் அவன் காதைத் திருகுவதும். இதைப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதி ஒப்பமும் இடுகிறோம்.

பந்து என்றதும் ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. முதலாவது உலகக் கிண்ணம், 1930 ஜூலை 30, மொன்ரிவிடியோ நகரம். இறுதிப் போட்டியில் உருகுவேயும் ஆர்ஜென்டீனாவும். இரண்டுக்கும் நடுவே ஓர் அகன்ற ஆற்று முகம். ஆர்ஜென்டீனா ரசிகர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்கள். நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கும் சனத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதிப் பேர் அடிபடத் தயாராக வருகிறார்கள் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் லாங்கேனஸ். மனுசன் புத்திசாலி. போட்டி முடிந்ததும் தான் ஊரைவிட்டுப் போகக் கப்பல் தயாராக நிற்க வேண்டும் என்று முன்னமே கேட்டு வைத்துவிட்டார். (நடுவர் சங்கத்தார் சிரிக்கிறார்கள். எங்களுடைய இறுதிப் போட்டிகளுக்கும் ஒரு வள்ளம் கேட்கலாம்.) மைதானத்துக்குள் வந்தால் புதுச் சண்டை, எந்தப் பந்தில் ஆடுவது என்று. இரண்டு நாடும் தன் தன் பந்தைக் கொண்டுவந்திருக்கிறது, இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் முதற்பாதி ஆர்ஜென்டீனாவின் பந்தில், இரண்டாம் பாதி உருகுவேயின் பந்தில் என்று தீர்ப்பு. இடைவேளையின்போது ஆர்ஜென்டீனா 2-1 என்று முன்னிலை. பந்து மாறியது, ஆட்டமும் மாறியது. உருகுவே 4-2 என்று வென்றது. அந்த நான்காவது கோலை அடித்த ஹெக்டர் கஸ்ட்ரோவுக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. பதின்மூன்று வயதில் மின்சார வாளில் போனது. கை போன பிள்ளையை அணியில் சேர்த்து வளர்த்த அந்தப் பயிற்றுநர் யாரோ, அவருக்குத்தான் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்.

உலகக் கிண்ண அணிகளே தங்கள் காலுக்குப் பழகிய பந்துக்காகச் சண்டை பிடித்தார்கள். நாங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? பெரியவர்கள் ஆடித் தேய்ந்த ஐந்தாம் இலக்கப் பந்து. அதன் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். பிள்ளைக்கு வேண்டியது நான்காம் இலக்கம்: சுற்றளவு 63.5 முதல் 66, நிறை 350 முதல் 390 கிராம். பெரிய பந்தை உதைக்கும் சின்னப் பிள்ளை உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பெருவிரல் நுனியால் குத்துவான். பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை அணைக்கும் பழக்கம் வராது. பிறகு பதினெட்டு வயதில் 'இவனுக்குப் பரிமாற்றம் தெரியாது' என்று ஏசுகிறோம்.

காற்றையும் கவனியுங்கள். போட்டிப் பந்துக்கு விதி சொல்வது 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம். எங்கள் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல் தரையும் கோடையில் சீமெந்து மாதிரி. கல்லுப்போலக் காற்றடித்த பந்து அங்கே முழங்கால் உயரத்துக்கு மேலே எகிறும், பிள்ளை அடக்கப் பழகமாட்டான், பயந்து விலகப் பழகுவான். கீழெல்லைக்குப் பக்கத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் அழுத்தம் தானாக ஏறும், ஆகையால் நிழலில் வலைப்பைக்குள் தொங்கவிடுங்கள். பம்ப் ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வின் றப்பர் கிழியும். ஒரு துளி கிளிசரின் தடவிக் குத்துங்கள். பாடசாலைக் களஞ்சியங்களில் செத்துக் கிடக்கும் பந்துகளில் பல வால்வு போனவைதான், தோல் போனவை அல்ல.

பயிற்சியை எப்படி அமைப்பது? இருபது பேருக்கு 75 நிமிடம் போதும். முதற் பத்து நிமிடம் ஆளுக்கொரு பந்து, ஒரு சதுரத்துக்குள் எல்லாரும் பந்தை உருட்டிக்கொண்டு ஓட்டம். விசில் ஊதினால் திரும்பவேண்டும், ஒருமுறை வலக்காலால், மறுமுறை இடக்காலால். அடுத்த இருபது நிமிடம் இருவர் இருவராக, எட்டு மீற்றர் தூரத்தில் பரிமாற்றம், அடக்கும் கால் ஒன்று, கொடுக்கும் கால் மற்றது. பிறகு நாற்பது நிமிடம் சின்ன ஆட்டம். மைதானத்தின் அரைவாசியை இரண்டாகப் பிரித்து, 30 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலத்தில் இரண்டு களம். நால்வருக்கு நால்வர், கோல் காப்பாளர் இல்லை. மணல் நிரப்பிய சோடாப் போத்தல்கள்தான் கம்பம். மிச்சம் நிற்கும் நால்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வருவார்கள். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுக்க வேண்டாம், பயிற்றுநர் கையிலிருக்கும் அடுத்த பந்தை உருட்டிவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் தண்ணீரும் கால் நீட்டலும். இதில் எங்கே பிழைக்கிறது என்றால், பயிற்றுநர் நிமிடத்துக்கு நிமிடம் ஆட்டத்தை நிறுத்திப் பிரசங்கம் செய்யும் இடத்தில். நாப்பழக்கம் அவருக்கு வளர்கிறது, கால்பழக்கம் பிள்ளைக்கு வளரவில்லை.

நட்சத்திர வீரர் விடயத்துக்கு வருகிறேன். 14 வயதுப் பிரிவில் ஒருவன் மீசை அரும்பி, மற்றவர்களைவிட ஓரடி உயரமாக நிற்பான். பின்னாலிருந்து நீளமாக அடித்துவிடு, அவன் ஓடிப்போய் கோல் போடுவான், கிண்ணம் வரும், படம் பத்திரிகையில் வரும். 18 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் இடக்காலும் இல்லை, நெருக்கத்தில் திரும்பவும் தெரியாது. வயதெல்லைத் திகதியை ஒட்டி முதலில் பிறந்த பிள்ளைகளே தெரிவுகளில் அதிகம் இடம்பிடிப்பது உலகம் முழுக்கக் கண்ட உண்மை. பதினொரு மாதம் பிந்திப் பிறந்தவனைத் திறமையில்லை என்று கழித்துவிடுகிறோம். ஒரு கொப்பி போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறியுங்கள். உயரம் சடாரென்று ஏறும் காலத்தில் முழங்காற்சில்லுக்குக் கீழே நோகுது என்று பிள்ளை சொன்னால் அது சாட்டு அல்ல. எலும்பு வளருகிற இடத்தைத் தசைநார் இழுக்கிறது. பாய்ச்சலையும் கடுந்தரை ஓட்டத்தையும் குறையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் மூட்டுநார் அறும் ஆபத்து ஆண்களைவிடக் கூட. பீபாவின் '11+' என்ற இருபது நிமிட உடற்சூட்டுப் பயிற்சி இருக்கிறது: எட்டு நிமிட ஓட்டம், பத்து நிமிட வலுவும் சமநிலையும், இரண்டு நிமிட வேக ஓட்டம். பதினான்கு வயது தாண்டியவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு தரமாவது செய்யுங்கள். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் பார்ப்பதுதான் அதன் உயிர். தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள், பெண்களுக்கு உதைபந்தாட்டம் வருமா என்ற கேள்விக்கு இனி இந்த மேடையில் இடமில்லை.

பயிற்றுநரின் தொழில்வாழ்வு: ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பயிற்றுநர் உரிமங்கள் 'சி', 'பி', 'ஏ' என்று ஏறிப் போகும், படியுங்கள். ஆனால் எங்கள் பாடசாலைகளில் ஒருவரின் பெயர் 20 வயதுப் பிரிவின் கிண்ணத்தில்தான் பொறிக்கப்படுகிறது. ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தை அடக்கப் பழக்கியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், களஞ்சியத் திறப்பும் அவரோடு போயிருக்கும். ஒரு பயிற்றுநரை மதிப்பிட நான் கேட்கும் கேள்வி ஒன்று: உங்களிடம் 14 வயதில் ஆடியவர்களில் எத்தனை பேர் 20 வயதிலும் ஆடுகிறார்கள்?

மைதானம் பற்றியும் ரியூசன் பற்றியும் பேசச் சொன்னார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ரியூசன் பற்றி ஒரு வசனம்: செவ்வாயும் வியாழனும் மூன்றரை முதல் ஐந்து மணி வரை எங்களுக்கு விடுங்கள், மிச்சக் கிழமை முழுக்க உங்களுக்கு.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு என் கோரிக்கை. மார்ச் மாதம் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் போட்டி என்றால் மூன்று நாளும் பட்டாசும் பாண்ட் வாத்தியமும். வேண்டாம் என்று சொல்லவில்லை, கிரிக்கெட்டும் எங்கள் பிள்ளைதான். உதைபந்தாட்டத்துக்கு ஆள் உயரக் கிண்ணம் செய்து தருவதை ஒரு வருடம் நிறுத்துங்கள். அந்தக் காசில் ஒரு பாடசாலைக்கு இருபது பந்து. வலயத்தாரிடம்: 14 வயதுப் போட்டியை முழு மைதானத்தில் பதினொருவராக நடத்தாமல், களத்தைச் சுருக்கி எழுவராக நடத்துங்கள், ஒவ்வொரு பிள்ளையும் அரைவாசி நேரமாவது ஆட வேண்டும் என்று விதி போடுங்கள். கைப்பழக்கம், நாப்பழக்கம் என்பதெல்லாம் கையில் தூரிகையும் நாவில் சொல்லும் இருந்தவர்களுக்குத்தான்.

கொடை பிறவிக்குணம் என்றேன் அல்லவா? அந்தக் குணத்தோடு பிறந்தவர்களுக்காக வாசலில் மேசை போட்டு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பாடசாலையின் பெயரையும் பந்துத் தொகையையும் எழுதுங்கள். கடையில் நான்காம் இலக்கம் என்று கேட்டு வாங்குங்கள், அதுதான் இது என்று ஐந்தைத் தந்தால் இலக்கத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். பத்துப் பந்துக்கு ஒரு பம்ப், இரண்டு ஊசி. தேநீர் பின்வாசலில்.