முதுகைப் பார்த்துப் படித்த வகுப்பு

நடுவர் அய்யாவுக்கும் தருமபுரி மக்களுக்கும் வணக்கம். கலைக்கல்லூரிச் செய்முறைப் படிப்புக்கு இணையவழிக் கற்றல் துணையா, தடையா? துணைதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் நல்லாக் கைதட்டல் வாங்கிட்டுப் போனாரு. "போன்ல நீச்சல் கத்துக்கிட்டவனை ஒகேனக்கல்ல தள்ளிவிட்டுப் பாருங்க"ன்னாரு. அண்ணே, அதே ஒகேனக்கல்லுக்கே வாங்க. பரிசல்காரர் மகன் முதல் நாளே துடுப்பைப் பிடிக்கிறானா? எதிர்ல உட்கார்ந்து, சுழல் வர்ற இடத்துல அப்பாவோட மணிக்கட்டு எப்படித் திரும்புதுன்னு நாள்கணக்காப் பார்க்கிறான். அந்தப் பரிசல்ல கத்துக்கிறவன் ஒருத்தன். என் மட்பாண்ட வகுப்புல நாங்க 32 பேரு!

அந்த வகுப்பைச் சொல்றேன் கேளுங்க. சக்கரம் ஒண்ணு, தரையோட இருக்கும். சார் உட்கார்ந்து மண்ணை வைப்பாரு. முன்வரிசை அப்படியே குனியும். நான் கடைசி வரிசை. முதல் வாரம் நான் பார்த்தது ஒரு நீலச் சட்டை. ரெண்டாவது வாரம்? அதே நீலச் சட்டை. மூணாவது வாரம் சார் என்னைக் கேட்டாரு, "என்னம்மா கவனிச்சே?" "சார், நீலச் சட்டைல தோள்பட்டைத் தையல் விட்டிருக்கு சார்!" வகுப்பே சிரிச்சுது. சார் சிரிக்கலை. எழுந்து வந்து, நான் நின்ன இடத்துல நின்னு பார்த்தாரு. அவருக்கும் சட்டைதான் தெரிஞ்சுது.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. சார் தன் வீட்டுச் சக்கரத்துக்கு மேல போனைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிவு பண்ணி, கல்லூரிப் பாடங்களைப் போடுற மூடுல்ங்கிற இணையப் பக்கத்துல ஏத்தினாரு. அன்னைக்குத்தாங்க அவர் கையை முழுசாப் பார்த்தேன். நிறுத்தி, பின்னால ஓட்டி, மறுபடி மறுபடி பார்த்தேன்.

போன் மண்ணைப் பிசைஞ்சு தராதுன்னும் அண்ணன் சொன்னாரு. தரும்னு யாரு சொன்னா? கல்லூரி திறந்ததும் ஓடிப்போய்ச் சக்கரத்துல உட்கார்ந்தவ நான். வாராவாரம் செஞ்சதைப் படம் எடுத்து அதே பக்கத்துல போடணும். என் முதல் பானையோட அடியில எஸ் எழுத்து மாதிரி ஒரு விரிசல். சார் முந்தின வாரப் படத்தைத் திறந்து காட்டினாரு. "உள்ள தேங்கின தண்ணியைப் பஞ்சால ஒத்தி எடுக்கலை பாரு. அடியை அழுத்தியும் விடலை." பானை காய்ஞ்சப்புறம் அந்தத் தண்ணியை எங்கே போய்த் தேடுறது? படத்துல இருந்துச்சு!

நம்ம தருமபுரி அருங்காட்சியகத்துல நடுகற்கள் நிக்குது. ஆயுதம் ஏந்தின வீரன் கை கல்லுல இருக்கு. உளி பிடிச்ச கை? அது எந்தச் சாய்வுல தட்டுச்சுங்கிறது, கூட நின்னு பார்த்தவங்களோட போயிடுச்சு.

மணி அடிச்சுடாதீங்க நடுவர் அய்யா. எங்க அம்மாவைப் பத்திச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

காரிமங்கலம் பக்கம் எங்க வீடு. அம்மா புளி தட்டுறவங்க. ஓட்டை உடைச்சு, கொட்டையைத் தட்டி எடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. ஊரடங்கு நேரம், வீட்டுக்கு ஒரே போன். நான் சாரோட விரலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். வகுப்புச் சக்கரத்துல என் மண்ணு மட்டும் ஏன் நடுவுல நிக்காம ஆடுச்சுன்னு புரியலை. தட்டுறதை நிறுத்திட்டு அம்மா எட்டிப் பார்த்தாங்க. "விரலை ஏன் கண்ணு பார்க்கிறே? முழங்கையைப் பாரு. தொடையில ஊனியிருக்காரு. நானும் இப்படி ஊனித்தானே தட்டுறேன்?"

ஆமாங்க. முழங்கையைத் தொடையில ஊனினா மண்ணு ஆடாது. முதுகுக்குப் பின்னாடியே நின்ன எனக்கு அது தெரியலை. கல்லூரி வாசலைக்கூடப் பார்க்காத எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது.

அந்த விரிசல் பானையைத் தண்ணி நிக்காதுன்னு தூக்கிப்போடப் போனேன். அம்மா வாங்கி அடுப்படியில வச்சுட்டாங்க. இன்னைக்கும் எங்க வீட்டுப் புளி அதுலதான் இருக்கு. வணக்கம்.