பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் மாத்துறதுக்கு முன்னாடி: ஹெட் எங்க இருக்கு?

[திரையில்: இரண்டு கார்ட்ரிட்ஜ்களின் அடிப்பக்கம், அருகருகே. ஒன்றில் உலோகத் தகடு, மற்றதில் பிளாஸ்டிக் துவாரம்.]

இங்க் தீர்ந்துடுச்சுன்னு பிரிண்டர் சொன்ன உடனே மூடியத் திறக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாகணும். மையைத் தாள்ல தெளிக்கிற பிரிண்ட் ஹெட் உங்க பிரிண்டர்ல எங்க இருக்கு? கார்ட்ரிட்ஜோடவே ஒட்டி வருதா, இல்ல பிரிண்டருக்குள்ளயே நிரந்தரமா இருக்கா? எப்படிக் கழட்டணும், எதைத் தொடக்கூடாது, அடைச்சா என்ன பண்ணணும், எல்லாமே இதைப் பொறுத்துதான்.

கண்டுபிடிக்கிறது சுலபம். கறுப்புக்கு ஒண்ணு, மூணு கலரும் சேர்த்து ஒண்ணு, ஆக ரெண்டே கார்ட்ரிட்ஜ்னா பெரும்பாலும் ஹெட் கார்ட்ரிட்ஜ்லயே இருக்கும். எச்பி 680, 803, கேனன் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிப் பெட்டின்னா ஹெட் பிரிண்டர்ல இருக்கு. எப்சன், பிரதர் மாடல்கள் இப்படித்தான், கேனன்லயும் நிறைய உண்டு. சந்தேகமா இருந்தா அடிப்பக்கம் பாருங்க. சின்னதா ஒரு உலோகத் தகடும் பக்கத்துல செம்பு நிறப் பட்டையும் இருந்தா ஹெட் உள்ளதுதான். வெறும் துவாரமும் ஒரு குட்டி சிப்பும் இருந்தா அது மை டப்பா, அவ்வளவுதான்.

[திரையில்: இங்க் அளவு காட்டும் எச்சரிக்கை.]

இந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்? பெரும்பாலான பிரிண்டர்கள் மையை நேரா அளக்கிறதில்ல. எத்தனை துளி போச்சுன்னு எண்ணிக் கணக்குப் போடுது. அதனால ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ்ல எச்சரிக்கை வந்த பிறகும் கொஞ்சம் ஓட்டலாம். இந்த வகை கேனன் மாடல்கள்ல இ13, இல்ல இ16ங்கிற எச்சரிக்கை எண் வந்தா, ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து பிரிண்ட் ஆகும். ஆனா எழுத்து மங்க ஆரம்பிச்சா அத்தோட நிறுத்திடுங்க. இந்த ஹெட் மையைச் சூடாக்கி ஆவிக்குமிழ் உண்டாக்கித் தெளிக்குது. மை இல்லாம சூடானா நாசில், அதாவது மை தெளிக்கிற நுண்துளைகள், கருகிடும், அப்புறம் ரீஃபில் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

தனித்தனிப் பெட்டி உள்ள பிரிண்டர், உள்ள கொஞ்சம் மை மிச்சம் இருக்கும்போதே நின்னுடும். ஏமாத்து வேலைன்னு நிறைய பேர் திட்டுவாங்க. முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா காரணமும் இருக்கு. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினா நிரந்தர ஹெட்டுக்குள்ள காத்து புகுந்துடும். அதை வெளியேத்த அதைவிட அதிக மை செலவாகும்.

வாங்கும்போது பிரிண்டர் பேரை மட்டும் வச்சு வாங்காதீங்க, பழைய கார்ட்ரிட்ஜ்ல இருக்கிற எண்ணை அப்படியே பாருங்க. எக்ஸ்எல்னு போட்டிருந்தா அதே இடத்துல உட்காரும், மை மட்டும் அதிகம். பெட்டி மேல போட்டிருக்கிற பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ 24711 முறைப்படி, குறிப்பிட்ட சில பக்கங்களைத் தொடர்ச்சியா அடிச்சு எடுத்தது. வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தாள் அடிக்கிறவங்களுக்கு அது கிடைக்காது. ஹெட்டைச் சுத்தம் பண்ணவே பாதி மை போயிடலாம்.

[திரையில்: பிரிண்டர் ஆன் நிலையில். மூடி திறக்கிறது. கேரியேஜ் நடுவே வந்து நிற்கிறது.]

இப்போ மாத்தலாம். பிரிண்டர் ஆன்லயே இருக்கணும். மூடியத் திறந்தா, கார்ட்ரிட்ஜைச் சுமந்துக்கிட்டு ஓடுற கேரியேஜ், மாத்த வசதியான இடத்துக்குத் தானே வரும். அது நிக்கிற வரைக்கும் கையை உள்ள விடாதீங்க. வரலைன்னா கையால இழுக்காதீங்க. ஓரத்துல இருக்கும்போது ஹெட் ஒரு ரப்பர் மூடி மேல பூட்டி உட்கார்ந்திருக்கும், வம்பா இழுத்தா ரெண்டுமே கெடும். மூடிய மூடி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு மறுபடி திறங்க. பிரதர் மாடல்கள்ல இந்தப் பிரச்சினையே இல்ல, கார்ட்ரிட்ஜ் முன்பக்கக் கதவுக்குப் பின்னாடி அசையாம இருக்கும்.

பழசைக் கழட்டுறது ஒரு விநாடி வேலை. தாழ்ப்பாளையோ நாக்கையோ அழுத்தினா விடும், தன்பக்கம் இழுத்து எடுத்துடலாம். தனித்தனிப் பெட்டி வகைன்னா, புதுசு கையில இல்லாம பழசைக் கழட்டவே கூடாது. காலி இடத்தோட விட்டா ஹெட்ல மை காயும்.

[திரையில்: புதிய கார்ட்ரிட்ஜ், மிக நெருக்கமாக. விரல் நுனி டேப்பின் நாக்கைப் பிடிக்கிறது.]

தப்பு நடக்கிற இடம் இதுதான், நிதானமாப் பாருங்க. ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ்ல, கலர் நாக்கு வச்ச ஒரு டேப் நாசில் மேல ஒட்டியிருக்கும். பக்கவாட்டுல பிடிச்சுக்கிட்டு, நாக்கைப் பிடிச்சு இழுங்க, அந்த டேப் மட்டும் வரணும். அதுக்குப் பக்கத்துல பளபளன்னு இருக்கிற செம்புப் பட்டையும் டேப்தான்னு நினைச்சு உரிக்கிறவங்க உண்டு. அது ஹெட்டுக்கு மின்சாரம் போற வழி. உரிச்சா கார்ட்ரிட்ஜ் குப்பைக்குத்தான். அந்தப் பட்டையிலயும் நாசில்லயும் விரல் படவே கூடாது.

எப்சன் பெட்டிகள்ல மஞ்சள் டேப்பை மட்டும் எடுக்கணும். காத்து உள்ள போற துளையை அது மூடியிருக்கும். எடுக்க மறந்தா முதல் சில பக்கம் நல்லா வரும், அப்புறம் அந்தக் கலர் மட்டும் மங்கிக்கிட்டே போகும். மை வெளிய போகப் போக உள்ள வெற்றிடம் உண்டாகி மீதி மையைப் பிடிச்சு வச்சுக்கும். கார்ட்ரிட்ஜ் மோசம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க. மை வெளிவர்ற துவாரத்து மேல இருக்கிற மெல்லிய தாளை மட்டும் தொடாதீங்க, அதைப் பிரிண்டரோட ஊசியே குத்திக்கும்.

கேனன் தனிப் பெட்டிகள்ல வரிசை முக்கியம். முதல்ல மேல இருக்கிற ஆரஞ்சு டேப்பை முழுசா உரிங்க, காத்து வழியில ஒரு துணுக்குகூட மிஞ்சக்கூடாது. அப்புறம்தான் ஆரஞ்சு மூடிய மெதுவாத் திருகி எடுக்கணும். பக்கவாட்டுல அமுக்கினா மை தெறிக்கும்.

குலுக்கலாமா? பெட்டியில குலுக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தா, கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி குலுக்குங்க. போடலைன்னா வேணாம்.

உள்ள வைக்கும்போது, ரெண்டு கார்ட்ரிட்ஜ் உள்ள எச்பி டெஸ்க்ஜெட், கேனன் மாடல்கள்ல இடது பக்கம் கலர், வலது பக்கம் கறுப்பு. "கிளிக்"னு சத்தம் கேக்குற வரைக்கும் தள்ளுங்க. ஒண்ணு உசரமா, ஒண்ணு தாழ்வா தெரிஞ்சா சரியா உட்காரலைன்னு அர்த்தம்.

[திரையில்: அலைன்மென்ட் தாள் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கப்படுகிறது.]

மூடியை மூடினதும் ஒரு தாள் அச்சாகி வரலாம். அதைத் தூக்கிப் போடாதீங்க. ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ் மாத்தும்போது ஹெட்டே மாறுது, பழசு உட்கார்ந்த இடத்துக்கும் புதுசு உட்கார்ந்த இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்தத் தாளை ஸ்கேன் பண்ணச் சொல்றது அதைச் சரிக்கட்டத்தான். விட்டுட்டா நேர்கோடு படிக்கட்டு மாதிரி உடைஞ்சு தெரியும். தனிப் பெட்டி மாத்தினா வழக்கமா இது தேவைப்படாது, ஹெட் அங்கயேதானே இருக்கு.

[திரையில்: பிழைச் செய்தி. பிறகு வெள்ளைக் கோடுகள் விழுந்த தாள்.]

கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடிக்க முடியலைன்னு செய்தி வந்தா, கழட்டி மறுபடி அழுத்தி வைங்க. அப்பவும் சரியாகலைன்னா, நூல் பிரியாத துணியை டிஸ்டில்டு வாட்டர்ல லேசா நனைச்சு செம்புப் புள்ளிகளை மட்டும் துடைங்க, நாசில் பக்கம் போக வேணாம். கேரியேஜ்ல எதிர்ப்பக்கம் இருக்கிற ஊசிகளையும் துடைச்சு, 10 நிமிஷம் காயவிட்டுப் போடுங்க. வேற கம்பெனி தயாரிப்புன்னா, சிப்பைப் பிரிண்டர் ஏத்துக்காம இருக்கலாம். நேத்து வரைக்கும் ஓடினது ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ள ஓடுற மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு நிக்கிறதும் உண்டு, அதுக்குத் துடைச்சுப் பலன் இல்ல.

வெள்ளைக் கோடு விழுந்தா முதல்ல நாசில் செக் தாள் எடுங்க, எந்தத் துளை மை விடலைன்னு காட்டுற சோதனைத் தாள் அது. விடுபட்டிருந்தா ஒரு தடவை ஹெட் கிளீனிங், திரும்ப நாசில் செக். மூணு தடவைக்கு மேல தொடர்ச்சியாப் போகாதீங்க. ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சி அடியில இருக்கிற கழிவுப் பஞ்சுல கொட்டுது, அது நிறைஞ்சா பிரிண்டரே நின்னுடும். ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இடைவெளி இடம் மாறிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் உள்ள காத்து. ஆஃப் பண்ணி குறைஞ்சது 6 மணி நேரம் விட்டா அடங்க வாய்ப்பு இருக்கு. அதே இடத்துலயே இருந்தா காய்ஞ்ச மை. ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ்னா அதைக் கழட்டி, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச டிஷ்யூவை நாசில்ல சில விநாடி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கலர் கார்ட்ரிட்ஜ்னா டிஷ்யூல மூணு கலர்ப் பட்டை தனித்தனியாப் பதியணும். ஒண்ணு பதியவே இல்லைன்னா அந்தக் கலர் தீர்ந்திருக்கு, இல்ல முழுசா அடைச்சிருக்கு.

கறுப்பு மட்டும் செம்பழுப்பா வருதா? பேப்பர் வகையைப் பாருங்க. போட்டோ பேப்பர்னு இருந்தா, ரெண்டு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்கள் பல நேரம் மூணு கலரையும் கலந்து கறுப்பு ஆக்கும். சாதாப் பேப்பர்னு மாத்தினா போதும்.

கலர் தீர்ந்து கறுப்பு மட்டும் வேணும்னா, பல எச்பி மாடல்கள்ல கலரைக் கழட்டிட்டு மூடினா கறுப்பை மட்டும் வச்சு ஓடும். கேனன்ல அப்படிச் செய்யாதீங்க, ரெண்டும் இடத்துல இல்லைன்னா ஓடாது.

கடைசியா, பிரிண்டரை அதோட பட்டன்லதான் ஆஃப் பண்ணணும், சுவர் சுவிட்ச்ல இல்ல. பட்டனை அழுத்தினாதான் ஹெட் ரப்பர் மூடிக்குப் போய் உட்காரும். அப்புறம், துணியில மை பட்டா பச்சைத் தண்ணியில அலசுங்க. சுடுதண்ணி ஊத்தினா கறை துணியிலயே பிடிச்சுக்கும்.