ஒன்று குறைய நாற்பது

நண்பர்களே, இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போதித்த யூதரான பவுல் பட்ட பாடுகள் என்றதும் கல்லெறியும் சிறையும்தான் நினைவுக்கு வரும். "யூதர்களால் ஒன்றுகுறைய நாற்பதடியாக ஐந்துதரம் அடிபட்டேன்" என்று 2 கொரிந்தியர் 11இல், கொரிந்து சபைக்கான கடிதத்தில், அவர் எழுதும் வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 39 வீதம் ஐந்து முறை, 195 அடி. பவுலின் பயணங்களைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை!

மோசேயின் சட்டமான உபாகமம் 25:3 நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது. எண்ணிக்கை பிசகி ஒன்று கூடிவிடுமோ என்று ஒன்றைக் குறைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அடிக்கும் முறையை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. அது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது, ஆகவே பவுல் காலத்தில் எல்லாம் அப்படியேதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆளின் உடல் எத்தனை தாங்கும் என்று முதலில் கணிப்பார்கள். அந்த எண் மூன்றால் வகுபட வேண்டும். இரு கைகளையும் தூணில் கட்டி, மேலாடையை இழுத்து மார்பைத் திறப்பார்கள். கன்றுத் தோல் வார். மூன்றில் ஒரு பங்கு முன்புறம், இரண்டு பங்கு பின்புறம். ஒரு அடி கூடுதலாக விழுந்து ஆள் இறந்துபோனால், அடித்தவன் நாடுகடத்தப்படுவான். அடி வாங்கி முடித்தவனோ மறுபடி "உன் சகோதரன்".

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இது அந்நியனுக்குத் தரும் தண்டனையல்ல, வீட்டுப் பிள்ளைக்குத் தருவது. நான் ரோமக் குடிமகன், உங்கள் ஜெப ஆலயத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பவுல் விலகியிருக்கலாம். விலகவில்லை. ஊர் ஊராக, யூதர் கூடி வழிபடும் ஜெப ஆலயத்துக்கே திரும்பத் திரும்பப் போனார், அடியும் வாங்கினார்.

ஜெப ஆலயத் தலைவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? ஓய்வுநாள் அனுசரிப்பு, எருசலேம் தேவாலயத்துக்கு ஆண்டுதோறும் அரைச் சேக்கல் வரி அனுப்புவது எல்லாமே ரோம ஆட்சியின் தயவில் நடந்தவை. தெசலோனிக்கேயில் எழுந்த குற்றச்சாட்டு, இவர்கள் இயேசு என்னும் வேறொரு ராஜா இருக்கிறார் என்கிறார்கள் என்பது. இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, விரோதமான அந்தப் பேச்சின் பழி சிறுபான்மைச் சமூகம் முழுவதன் தலையிலும் விழக்கூடியது. அங்கே பவுலுக்கு இடம் கொடுத்த யாசோனிடம் ஜாமீன் வாங்கித்தான் விட்டார்கள். இன்னொன்று, விருத்தசேதனம் செய்து யூதராக மாறாமலே ஜெப ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த பக்தியுள்ள கிரேக்கர். ஊரில் யூதருக்கு ஆதரவாக நின்றவர்கள் அவர்கள். பவுல் பக்கம் முதலில் சாய்ந்தவர்களில் அவர்களும் உண்டு.

கொரிந்துவில் இது உச்சத்துக்குப் போனது. ஜெப ஆலயத்தை ஒட்டினாற்போல, தேவனை வணங்கிவந்த யுஸ்து என்பவரின் வீடு. பவுல் ஜெப ஆலயத்தை விட்டு அங்கே போனார். பக்கத்து வீட்டில் போட்டிக் கூட்டம் என்றால் எப்படி இருந்திருக்கும், பாருங்கள். போதாததற்கு, ஜெப ஆலயத் தலைவர் கிறிஸ்புவே குடும்பத்தோடு பவுல் பக்கம் போய்விட்டார். வழக்கு, கொரிந்து அடங்கிய ரோம மாகாணமான அகாயாவின் அதிபதி கல்லியோனிடம் போனது. டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டால் அவர் பதவிக்காலத்தை கி.பி. 51-52 என்று கணிக்கிறார்கள். பவுலின் காலவரிசைக்கு அதுவே அச்சாணி. குற்றமோ அக்கிரமமோ என்றால் விசாரிப்பேன், இது உங்கள் வேதத்தைப் பற்றிய தகராறு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று துரத்திவிட்டார் கல்லியோன். ரோம நீதிபதி கண்ணுக்கும் அது யூதரின் உள்வீட்டுச் சண்டையாகவே பட்டது.

வெளியே, நியாயாசனத்துக்கு எதிரிலேயே, ஜெப ஆலயத் தலைவர் சொஸ்தேனேக்கு அடி விழுந்தது. கல்லியோன் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1 கொரிந்தியரின் முதல் வசனத்தில், பவுலின் பெயரோடு "சகோதரனாகிய" ஒரு சொஸ்தேனே வருகிறார். அதே ஆளா? பெயர் ஒன்று, அதற்கு மேல் போனால் ஊகம்.